தாங்கியின் இடது கால்

2046ஆம் ஆண்டு மார்ச் 12, திங்கட்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நரம்பியல் மருத்துவமனையில் செய்யது மசூது என்ற ஐம்பத்திரண்டு வயதுத் தையல்காரர் பரிசோதிக்கப்பட்டார். பாதத்தில் குறை எதுவும் இல்லை என்ற அறிக்கையோடு அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த அறிக்கையைக் கொடுத்தவள் ஜெபக்கனி. வயது நாற்பத்தொன்று. பதவியின் பெயர் உணர்வேற்பாளர். மருத்துவமனைக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தாங்கி என்பார்கள்.

தாங்கியின் வேலையைச் சொல்வது எளிது. நோயாளியின் தலையில் ஒரு தொப்பி, தாங்கியின் தலையில் ஒரு தொப்பி. பத்து நிமிடத்துக்கு நோயாளியின் உடம்பில் இருப்பது தாங்கியின் உடம்பிலும் இருக்கும். "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் நோயாளிக்குச் சொல்லத் தெரியாத ஒன்றை, தாங்கி பயிற்சியில் கற்ற சொற்களில் மருத்துவரிடம் சொல்வாள். எரிச்சல், குத்தல், மரத்தல், பூச்சி ஊர்தல், மின்சாரம் இழுத்தல். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் சொல்வாள்.

தொப்பி வந்த பிறகு எத்தனையோ பேருக்கு நியாயம் கிடைத்தது. வேலை செய்யச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று வீட்டில் பேர் வாங்கிய பெண்கள், விடுப்புக்காகப் பொய் சொல்கிறான் என்று அதிகாரி எழுதிவைத்த கடைநிலைக் காவலர்கள், எல்லாரும் தாங்கியின் ஓர் அறிக்கையால் நோயாளி ஆனார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. நோயாளி சொல்வதை மருத்துவர்கள் எழுதிக்கொள்வது நின்றுபோனது. அதில் பயம் கலந்திருக்கும், மறதி கலந்திருக்கும், தாங்கி சொல்வதில் அதெல்லாம் இருக்காது என்பது பொதுக் கருத்து. அந்தக் கருத்து பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அன்று மசூது நாற்காலியில் உட்கார்ந்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"எடது காலு மெஷின மிதிக்கதே தெரியலம்மா. தையல் ஓடுத சத்தம் கேக்குதுலா, அத வச்சுத்தான் கால் மிதிக்கின்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

"வலி இருக்கா பாய்?"

"வலிச்சா இங்க ஏன் வாரேன்? மெடிக்கல்ல ஒரு மாத்திர வாங்கிப் போட்டுட்டுப் போயிருவேன். அங்க ஒண்ணுமே இல்லங்கதுதான் பயமா இருக்கு."

ஜெபக்கனி தொப்பியை மாட்டிக்கொண்டாள். அவருடைய முழங்கால் வலி வந்தது. கழுத்துப் பிடிப்பு வந்தது. காரமாக எதையோ சாப்பிட்ட நெஞ்செரிச்சல்கூட வந்தது. பாதத்தில் எதுவும் வரவில்லை. கூடுதலாகச் சிறிது நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

"பாதத்துல குறை எதுவும் இல்ல பாய்."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? எனக்கு வரலன்னுதான் சொல்லுதேன்."

"எனக்கு இருக்கது ஒனக்கு வரலன்னா, அது எங்கம்மா போச்சு?"

அவள் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

*

தன் இடது பாதத்தில் ஏதோ துணி சுற்றியிருப்பது போல ஜெபக்கனிக்கே தோன்ற ஆரம்பித்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தொப்பியைக் கழற்றிய பிறகும் நோயாளியின் உணர்வு கொஞ்ச நேரம் தாங்கியின் உடம்பில் தங்கும். அதற்கு மிச்சம் என்று பெயர். ஒருநாள் யாரோ ஒருவருடைய காதிரைச்சலோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். இன்னொரு நாள் வேறொருவருடைய விரல் நடுக்கத்தோடு சோறு பிசைய வேண்டியிருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். மருத்துவமனைக் கேண்டீனில் இதுதான் தாங்கிகளின் அன்றாட வேடிக்கைப் பேச்சு.

"ஏ கனியக்கா, இன்னைக்கி யாரு கால மாட்டிக்கிட்டு வந்துருக்க? சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்க?" என்று ஜனவரியில் ஒருநாள் கேட்டவன் முப்பிடாதி. அவளைவிட ஏழு வயது இளையவன். தொப்பி வந்த முதல் வருடமே வேலைக்குச் சேர்ந்தவன். மருத்துவமனையிலேயே கூர்மையான தாங்கி என்று பெயர் எடுத்தவன்.

"ரயில்வேக்காரரு ஒருத்தரு. ரிட்டயர்டு."

"ரயில்வேக்காரரு காலா? அப்ப லேட்டாத்தான் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ரயில்வேக்காரரின் கால் அடுத்த நாளும் போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை. வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தபோது பூக்காரி ஒருத்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "யம்மா, ஒத்தச் செருப்போட எங்க போற?" இடது கால் செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெயிலில் கொதித்த தார்ச்சாலை அவளுக்குச் சுடவில்லை.

இன்னொன்றைக் கவனித்தவர் அவளுடைய கணவர் துரைசிங்கம். அரசுப் பள்ளியில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் கேட்டார்.

"ஏட்டி, ஜெபம் பண்ணும்போது கண்ணத் தொறந்துக்கிட்டே நிக்கே? ஜெபம் நடத்துத ஐயரு உன்னையே பாக்காரு."

"கண்ண மூடுனா விழுந்துருவேன்."

"வெளையாடுதியா?"

"கால் எங்க இருக்குன்னு கண்ணாலதாங்க பாத்துக்கிட்டு நிக்கேன். மூடிட்டா கால் இல்ல."

அன்று மாலை முகம் கழுவப் போனவளுடன் அவர் குளியலறை வாசல் வரை வந்து, அவள் சோப்புப் போட்டு முடிக்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

டாக்டர் நாச்சியார் அந்த மருத்துவமனையின் மூத்த நரம்பியல் மருத்துவர். ஜெபக்கனி அவரிடம் பல வருடம் வேலை பார்த்திருந்தாள். நோயாளியாக உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"ஸ்கேன் சுத்தமா இருக்கு. ரத்தம் நல்லா இருக்கு. நரம்பு வேகமும் சரியாத்தான் இருக்கு. இது மிச்சம்தான் ஜெபக்கனி."

"மிச்சம் தூங்கி எந்திரிச்சாப் போயிரும் டாக்டர். ஈஸ்டருக்கு ஒரு வாரம் லீவு போட்டேன். தொப்பியவே தொடல. அப்பவும் இருந்துச்சு."

"தாங்கிகளுக்கு மத்தவங்களவிட உடம்பு மேல கவனம் ஜாஸ்தி. சின்ன விஷயமும் பெருசாத் தெரியும். கொஞ்சம் மனச வேற பக்கம் திருப்புங்க."

"இப்பிடி எந்த நோயாளிகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதான எங்கள வேலைக்கு வச்சீங்க?"

நாச்சியார் கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். அவர் கோபப்படுகிறவர் அல்ல.

"எனக்கு ஒரு பேரு வேணும் டாக்டர்," என்றாள் ஜெபக்கனி. "கெட்ட பேரா இருந்தாலும் சரி. வலது கால்லயும் இப்ப லேசா ஆரம்பிச்சிருக்கு. மதுரைக்குப் போயி ஒரு பெரிய டாக்டரப் பாத்தேன். தாங்கி அறிக்கை எங்கன்னு கேட்டாரு. நானே தாங்கிதான்னு சொன்னேன். அப்ப இன்னொரு தாங்கிகிட்ட வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. எம் பேச்சு அங்க செல்லல."

தாங்கியைத் தாங்கி பரிசோதிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஆரம்ப காலத்துத் தொப்பிகளில், ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கத்துவது போல, இருவரின் உணர்வும் மாறி மாறிப் பெருகிவிடும். இப்போதைய தொப்பிகளில் அந்தக் குறை கிடையாது. விதியை நீக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"சரி," என்றார் நாச்சியார். "முப்பிடாதிய வச்சுப் பாப்போம். அவனுக்கு வராதது யாருக்கும் வராது."

முப்பிடாதி வெள்ளை ஷூவும் சிரிப்புமாக வந்தான். "யக்கா, ஒன் கால என்ட்ட தந்துட்டு நிம்மதியா ஒரு தூக்கம் போடு," என்றான். தொப்பியை மாட்டியதும் சிரிப்பு நின்றது. வேலையில் இருக்கும்போது அவன் சிரிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நிமிடம் முடிந்தது.

"இடுப்புல வலி இருக்கு டாக்டர். தூக்கம் பத்தல, கண்ணு எரியுது. பாதத்துல குறை எதுவும் இல்ல."

"நல்லாப் பாத்தியா முப்பிடாதி?" என்றாள் ஜெபக்கனி.

"பாத்தேன் யக்கா."

"ரெண்டு கால்லயுமா?"

"ரெண்டுலயும்தான்." அவன் தொப்பியின் வாரைச் சுருட்டிக்கொண்டே பேசினான். அவளைப் பார்க்கவில்லை.

நாச்சியார் எழுதிக்கொண்டார். மனநல ஆலோசனைக்கு ஒரு சீட்டும் கொடுத்தார்.

*

அன்று இரவுச் சாப்பாட்டின்போது துரைசிங்கம் அவளைவிட அதிகம் தவித்தார்.

"அவனுக்கு ஒண்ணும் வரலன்னா நல்ல சேதிதானட்டி?"

"எனக்கு இருக்கு. அவனுக்கு வரல. அப்ப அது எங்கங்க போச்சு?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்குப் பட்டது. சோற்றில் வைத்த கை நின்றது.

"என்ன?"

"தொப்பி எப்பிடி வேல செய்யும்னு நான் ஒங்களுக்குச் சொல்லிருக்கேனா?"

"இவங்களுக்கு இருக்கது அவங்களுக்குப் போகும்."

"அப்பிடியே போகாது. ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு பாஷ. ஒருத்தர நேரா அளக்க முடியாது. அதனால தாங்கி ஒடம்பு எப்பிடி இருக்குன்னு மொதல்ல எடுத்துக்கிடும். அதத்தான் சரின்னு வச்சுக்கிடும். அப்புறம் தாங்கியவிட நோயாளிக்கு என்ன கோளாறு கூடுதலா இருக்கோ, அந்த வித்தியாசத்த மட்டும் அனுப்பும்."

"சரி."

"தாங்கி கால் மரத்திருந்தா?"

துரைசிங்கம் யோசித்தார். "மரத்ததத்தான் சரின்னு வச்சுக்கிடும்."

"அப்ப கால் மரத்த நோயாளி வந்தா?"

"வித்தியாசம் இல்ல."

"ஒண்ணும் வராது. மேலப்பாளையத்துலருந்து ஒரு தையக்கார பாய் வந்தாரு. கால் மிதிக்கது தெரியலன்னாரு. எனக்கு ஒண்ணும் வரல. குறை இல்லன்னு அனுப்பிட்டேன். அவருக்கு இல்லாம இல்ல. எனக்கும் இருந்துச்சு, அதான் வரல."

துரைசிங்கம் தண்ணீர் குடித்தார். "சரி, அது நீ. இன்னைக்கி முப்பிடாதிக்கு ஏன் வரல?"

ஜெபக்கனிக்கு அவனுடைய ஷூ ஞாபகம் வந்தது. எட்டு வருடமாக ரப்பர் செருப்போடு வேலைக்கு வந்தவன் முப்பிடாதி. பொங்கலுக்குப் பிறகு கயிறு கட்டும் ஷூவுக்கு மாறியிருந்தான். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். ஷூ என்றால் காலைவிட்டுத் தானாகக் கழன்று போகாது.

*

மறுநாள் காலை கேண்டீனில் கூட்டம் சேர்வதற்கு முன் அவனைப் பிடித்தாள்.

"ஷூவக் கழத்து."

"ஏன், பாலிஷ் போடப் போறியா?"

"கழத்திட்டுக் கண்ண மூடிக்கிட்டு நில்லு முப்பிடாதி."

அவன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். "விழுந்துருவேன்," என்றான் சாதாரணமாக.

"எப்பருந்து?"

"போன ஆடியிலருந்து. மொதல்ல ஒரு கால். இப்ப ரெண்டும். உன்னவிட நான் சீனியர்லா."

"நேத்தே ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தொப்பி போட்ட ஒடனே தெரிஞ்சுட்டு. நீ பொய் சொல்லுத ஆள் கெடையாது. அப்பிடியும் எனக்கு ஒண்ணும் வரலன்னா, அதுக்கு ஒரே அர்த்தந்தான்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் குறை இல்லன்னு சொன்னியா?"

"வரலன்னா வரலன்னுதான் சொல்லணும். ரூல்ஸ்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "யக்கா, ஒனக்குப் பேரு வேணும். எனக்கு வேண்டாம். பேரு வைக்காத வரைக்கும் நான் நடக்கேன், பஸ் ஏறுதேன், எம் பிள்ளையளத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போறேன். பேரு வச்ச அன்னைக்கே என்னைய உக்கார வச்சிருவாவ. எனக்கு இந்த வேலையத் தவிர ஒண்ணும் தெரியாது. அடுத்தவன் ஒடம்ப வாங்கி வாங்கிச் சொல்லுத பொழப்புதான் தெரியும்."

"ஒங்கிட்ட வந்தவங்க? போன ஆடியிலருந்து எத்தன பேரு கால் மரக்குன்னு சொல்லி வந்தாங்க?"

"வந்தாங்க."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

"அவங்களுக்கு ஒண்ணும் இருந்திருக்காதுன்னு நெனச்சுக்கிடுதேன்."

"நெனப்பா?"

அவன் எழுந்தான். மேஜையின் விளிம்பைப் பிடித்து, தரையைப் பார்த்து, ஒவ்வொரு காலாக வைத்து எழுந்தான். இதையும் அவள் இவ்வளவு நாள் கவனிக்கவில்லை.

"ஒங்கதைய நீ போயிச் சொல்லு யக்கா. நான் தடுக்கல. எங்கதைய மட்டும் சொல்லாத."

*

அவள் போய்த் தன் கதையை மட்டும்தான் சொன்னாள். இதுவரை தொப்பியே போடாத ஒருவர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"பயிற்சி இல்லாத ஆளு எப்பிடிம்மா பாக்கிறது?" என்றார் நாச்சியார்.

"வார்த்த தெரிய வேண்டியதில்ல டாக்டர். இருக்கா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும். நீங்க போட்டுப் பாருங்க."

மருத்துவர்கள் தொப்பி போடுவதில்லை. அதற்குத் தடை எதுவும் இல்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான். நாச்சியார் சிறிது நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தவரை அவர் முகத்தில் மாற்றம் இல்லை. "ஏதோ லேசா..." என்று ஆரம்பித்தார்.

"எந்திரிங்க டாக்டர். கண்ண மூடுங்க."

நாச்சியார் எழுந்து கண்ணை மூடினார். அடுத்த நொடி உடம்பு இடது பக்கமாகச் சரிந்தது. இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்தார். மேஜையிலிருந்த கணினி விசைப்பலகை கீழே விழுந்தது. கண்ணைத் திறந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பிடியேவா ரெண்டு மாசமா நடந்து வேலைக்கு வந்தீங்க?"

"மூணு மாசம் முடிஞ்சிட்டு டாக்டர்."

நாச்சியார் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. அவர் முப்பது வருடம் நரம்பு நோய் பார்த்தவர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்போ முப்பிடாதிக்கு ஏன் வரல?"

சன்னலுக்கு வெளியே நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண், தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல, இங்கே, இங்கே என்று பதில் சொன்னாள். இன்று காலையும் முப்பிடாதியின் அறைக்கு வெளியே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை ஜெபக்கனி பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அவனோட சேந்தும் ஒருக்கா நீங்க தொப்பி போட்டுப் பாருங்க டாக்டர்," என்றாள்.

*

ஏப்ரல் மாதக் கடைசியில் மருத்துவமனை தன் தாங்கிகள் அனைவரையும் பரிசோதித்தது. தொப்பி போடாத ஐந்து மருத்துவர்கள் அதற்காகத் தொப்பி போட்டார்கள். தாங்கிகளில் பாதிப் பேருக்குமேல் பாதங்களில் உணர்வு குறைந்திருந்தது. சிலருக்கு அது அதுவரை தெரியாது.

அடுத்தவர் உடம்பை நெடுநாள் கேட்டுவந்த மூளை, தன் உடம்பைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது என்பது நாச்சியாரின் முடிவு. அந்த நோய்க்கு அவர் கொடுத்த நீளமான ஆங்கிலப் பெயரை ஜெபக்கனி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். மருந்து எதுவும் இல்லை. தொப்பி போடாமல் இருப்பது, கண்ணாடியின் முன் நின்று நடக்கப் பழகுவது, இரண்டும்தான் வைத்தியம். ஜூலைக்குள் அவளுடைய வலது கால் ஓரளவு திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. அவளுக்குக் கோப்பு அறையில் வேலை கொடுத்தார்கள்.

பழைய அறிக்கைகளைச் சரிபார்க்க ஒரு குழு போடப்பட்டது. மசூதைத் திரும்ப அழைத்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவருக்கு இருந்தது வேறு நோய், ஒரு வைட்டமின் குறைவு. அதற்குள் மரப்பு வலது காலுக்கும் பரவியிருந்தது. ஊசி போட்டதில் வலது கால் தெளிந்தது. இரண்டு மாதம் முன்பே போட்டிருந்தால் இரண்டு காலும் தெளிந்திருக்கும் என்று நாச்சியார் அவரிடம் மறைக்காமல் சொன்னார்.

தாங்கிகளைப் பரிசோதித்த அன்று முப்பிடாதி வரவில்லை. முந்தைய நாள் ராஜினாமாக் கடிதத்தை வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஜெபக்கனி பலமுறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. ஜூன் மாதம் அவன் வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் தாங்கியாகச் சேர்ந்தான். எட்டு வருட அனுபவம் உள்ளவன் என்பதால் நேர்காணல் இல்லாமலே எடுத்துக்கொண்டார்கள்.